பாவாடை மேடம்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, தேங்காய்த்திட்டுத் துறைமுகத்து ஐஸ் ஷெட்டில் கிரஷர் மிஷினுக்குள் நாலாவது ஐஸ் பாரைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, பாவாடைக்குத் தன் வீடு விற்றுப்போன சேதி வந்தது. வீடு விற்ற சேதி விற்றவனுக்கே வந்து சேர்வது இந்தக் காலத்து வசதிகளில் ஒன்று.

கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டு போனைத் திறந்தான். பலூன்கள் பறந்தன. காகிதப் பூ கொட்டியது. 'வாழ்த்துகள் பாவாடை மேடம். உங்கள் இல்லத்தை ஜல்தி ஹோம்ஸ் வாங்கிக்கொண்டது. திங்கட்கிழமை பத்திரப்பதிவு. சாவியோடும் புன்னகையோடும் வாருங்கள்.' அதற்குக் கீழே இங்கிலீஷில் பத்தொன்பது பக்கம்.

'வாங்கிக்கொண்டது' என்ற சொல்லைத் தாண்டி அவன் கண் எங்கேயும் போகவில்லை. ரப்பர் பூட்ஸுக்குள் இரண்டு பாதமும் ஜில்லிட்டன. இருபது வருஷமாக ஐஸுக்கு நடுவே நிற்கிறவனுக்கு அது தெரியாத ஜில். பின்னால் லாரிக்காரன் பெட்டிக்கு ஐஸ் எங்கே என்று கத்தினான். பாவாடை பாரைத் தள்ளினான். மிஷின் அதை நொறுநொறுவென்று மென்று துப்பியது. அன்றைக்குப் பார்க்க அது ஐஸை அரைப்பது போலவே இல்லை.

அவன் வீட்டை விற்கவில்லை. விலை கேட்டான், அவ்வளவுதான். கொய்யாப்பழத்துக்குக் கேட்கிறோம், வாங்கிவிடுகிறோமா?

கேட்டதற்குக் காரணம் தண்ணீர். போன வருஷத்துப் புயலில் உப்பளம் வாய்க்கால் ஓரத்துத் தெருக்கள் எல்லாம் ஒரே ஏரியானது ஊருக்குத் தெரியும். பாவாடை வீட்டுக்குள் விடியற்காலையில் வந்தது. சத்தமில்லாமல், சொந்தக்காரனைப் போல, வாசற்படி தாண்டி நேராக சமையல்கட்டுக்குப் போனது. அவன் கண் விழித்துக் காலைக் கீழே வைத்தபோது முழங்கால் வரை. மொட்டைமாடிக்கு ஏறுவதற்குள் இடுப்பு. ஃபிரிட்ஜ் மல்லாந்து மிதந்தது. மனைவி லட்சுமி அரிசி டிரம்மைத் தலையில் வைத்துக்கொண்டு அவன் பின்னால் ஏறினாள். அவன் கையில் ஒன்றுமில்லை, ஒரு சீப்பைத் தவிர. ஏன் சீப்பை எடுத்தான் என்று அவனுக்கு இன்று வரை தெரியாது.

தண்ணீர் மூன்றாம் நாள் வடிந்தது. லட்சுமி சேற்றை வழித்துவிட்டு நாலாம் நாள் மார்க்கெட்டுக்குப் போய்விட்டாள். பாவாடைக்கு வடியவில்லை. வானம் லேசாக இருண்டால் வயிற்றுக்குள் ஏதோ மிதக்க ஆரம்பித்தது. இதை யாரிடமும் சொல்லவில்லை. கடற்கரைக் குடும்பத்தில் பிறந்துவிட்டு மழைத்தண்ணிக்குப் பயம் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆகவே ஒரு ஐப்பசி மத்தியானம், லட்சுமி மார்க்கெட்டில் இருந்த நேரம், போனில் வந்த விளம்பரத்தைத் தட்டினான். அதில் ஒரு குடும்பம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வீட்டை விற்றுவிட்டுக் கட்டிப்பிடித்துச் சிரித்தது. ஏழே நாள், தரகர் இல்லை, தலைவலி இல்லை. பேரைத் தட்டச் சொன்னது. தட்டினான். ஐந்தாவது நிமிஷம் ஒரு பெண் கூப்பிட்டாள். தேன் தடவிய குரல்.

"மேடம் இருக்காங்களா சார்?"

பாவாடைக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. லட்சுமியை இதுவரை யாரும் மேடம் என்று கேட்டதில்லை. மார்க்கெட் போயிருக்கிறாள் என்றான்.

"நீங்க யார் சார்?"

"வீட்டுக்காரரு."

வீடு என்னுடையது என்பதைத்தான் அவன் அப்படிச் சொன்னான். அந்தப் பக்கம் அதை வேறு மாதிரி எழுதிக்கொண்டார்கள். மேடத்தின் சார்பில் நீங்களே பேசலாம் சார் என்றாள். வரி ரசீதும் பத்திரத்தின் முதல் பக்கமும் போட்டோ கேட்டாள். மறுநாள் ஒரு ஆள் வந்து சிவப்பு வெளிச்சத்தைச் சுவரில் அடித்து அளந்துகொண்டு போனான். பக்கத்து வீட்டார் கேட்டதற்குப் பாவாடை, கரண்ட் ஆபீஸ் என்றான். திங்கட்கிழமை மறுபடியும் தேன் குரல். விலையைப் போனுக்கு அனுப்புகிறோம், அதற்கு முன்னால் ஒரு ஓடிபி வரும், சொல்லுங்கள். சொன்னான். ஆறு எண். அந்த ஆறு எண்தான் அவன் கையெழுத்து என்பது செவ்வாய்க்கிழமை பலூன் பறந்தபோது அவனுக்குப் புரிந்தது.

அன்று லட்சுமி சங்கரா மீன் தலை வாங்கி வந்து குழம்பு வைத்திருந்தாள். பெரிய மார்க்கெட்டில் மீன் அரிகிறவள் அவள். காலை ஆறிலிருந்து மத்தியானம் இரண்டு வரை அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்து, வாங்கி வருகிறவர்களின் மீனைச் செதில் சீவி, செவுள் பிடுங்கி, துண்டு போட்டுக் கொடுக்க வேண்டும். அந்த வீட்டின் முன் அறை சுவர் முழுக்க வஞ்சிரம் அரிந்த காசு, மேல் தளம் இறால் உரித்த காசு என்று அவள் சொல்வாள். மனை மட்டும் பாவாடையின் அப்பா விட்டுப்போனது. அதனால் பத்திரம் அவன் பேரில்.

அவன் தட்டில் தலை அப்படியே முழித்துக்கொண்டு கிடந்தது.

"இன்னா, கண்ணைக் கூட நோண்டல?"

"பசியில்ல."

"ஐஸ் ஷெட்டுல எவனாச்சும் வாங்கிக் குடுத்தானா?"

"இல்ல."

"அப்ப மூஞ்சி ஏன் செத்த காரப்பொடி மீனு மாதிரி இருக்குது?"

போன் கிணுங்கியது. அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டதில் தண்ணி சொம்பு கவிழ்ந்தது. மொபைல் கம்பெனி, ரீசார்ஜ் பண்ணச் சொன்னது. லட்சுமி தரையைத் துடைத்துக்கொண்டே அவனை ஒரு பார்வை பார்த்தாள். மீன் புதுசா பழசா என்று பார்க்கிற பார்வை.

புதன்கிழமை துறைமுகத்தில் மூணாம் நம்பர் புயல் கூண்டு ஏற்றினார்கள். போட்டுகள் எல்லாம் வந்து கட்டிக்கொண்டன. கடலுக்குப் போகாவிட்டால் ஐஸ் வேண்டாம். ஐஸ் வேண்டாமென்றால் பாவாடை வீட்டில். மேலே கருத்த வானம், கையில் போன். எந்தப் பக்கம் பார்த்துப் பயப்படுவது என்பது ஒன்றுதான் அவனுக்கு இருந்த சுதந்திரம். தெருவில் பைக் நின்றால் பூட்டோடு வந்துவிட்டார்கள் என்று எழுந்தான். தூறல் விழுந்தால் வாசற்படியைப் பார்க்கப் போனான். மத்தியானத்துக்குள் பதினேழு தடவை எழுந்து உட்கார்ந்தபின், தெருக்கோடி அரிகிருஷ்ணனிடம் போனான்.

அரிகிருஷ்ணன் எழுபத்தெட்டு வயசுக்காரர். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன நொத்தேர் ஆபீஸில், அதாவது பத்திரம் எழுதிப் பதிகிற இடத்தில், வேலை பார்த்தவர். அங்கே அவர் என்ன வேலை பார்த்தார் என்பதில் தெருவில் இரண்டு கட்சி உண்டு. நொத்தேருக்குக் குடை பிடித்தார் என்பது ஒன்று, பைகளைச் சுமந்தார் என்பது மற்றொன்று. அவரைக் கேட்டால் உப்பளத்தில் பாதி மனைகள் அவர் பேனாவில் பிறந்தவை. பேச்சில் நாலு வார்த்தைக்கு ஒரு பிரெஞ்சு வார்த்தை வைப்பார். மற்றவர்களுக்குப் புரியாது என்ற நம்பிக்கை, பிரெஞ்சுக்காரர்களுக்கும் புரியாது என்ற உண்மை.

போனை வாங்கி, கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பத்து நிமிஷம் படித்தார். தலையை ஆட்டினார். "ரொம்ப கிரேவ் விஷயம் பாவாடை" என்றார்.

"இன்னாண்ணே போட்டிருக்கான்?"

"உன் சம்மதம் கேட்டு, நீ குடுத்து, அவன் ஏத்துக்கிட்டான். கொன்சாந்த்மா ஆயிடிச்சு. இனிமே ஒண்ணும் ஆவாது."

உள்ளேயிருந்து காபியோடு வந்த அவர் மருமகள் எட்டிப் பார்த்துவிட்டு, மாமா, நீங்க படிக்கிறது வாட்ஸ்அப் போடறதுக்குக் கேக்குற சம்மதம், காகிதம் கீழ இருக்கு என்று திரையைத் தள்ளிவிட்டுப் போனாள். அரிகிருஷ்ணன் அவமானப்படவில்லை. கண்ணாடி கொண்டு வரச் சொன்னார். இந்தத் தடவை இரண்டாம் பக்கத்திலேயே நின்றுவிட்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பாவாடை பயந்தான்.

"டேய், நீ யாருடா?"

"நான் பாவாடைண்ணே."

"இல்ல. இந்தக் காகிதத்துல நீ பொம்பளை. மதாம் பாவாடை. அதோட விட்டானா? சன் ஆஃப் சுப்பராயன்னு உன் பத்திரத்துல இருக்குது. இவன் வைஃப் ஆஃப் சுப்பராயன்னு போட்டுட்டான். உன் அப்பனையே உனக்குக் கட்டி வச்சிருக்கான்."

பாவாடைராயன் சாமிக்கு நேர்ந்து வைத்த பேர் அது. திண்டிவனம் பஸ்ஸில் நின்று பாவாடை என்று கூப்பிட்டால் நாலு மீசைக்காரன் திரும்பிப் பார்ப்பான். ஆனால் ஜல்தி ஹோம்ஸ் உட்கார்ந்திருக்கும் ஊரில் அது துணிக்கடைச் சமாச்சாரம்.

"அப்ப இது செல்லாதா அண்ணே?"

"செல்லாது." அரிகிருஷ்ணன் காபியை உறிஞ்சினார். "செல்லாதுன்னு நிரூபிக்கிற வரைக்கும் செல்லும். கோர்ட்டுக்குப் போனா பத்து வருஷத்துல ஜெயிச்சிடலாம்."

அரிகிருஷ்ணன் மேலும் படித்தார். பதினான்காம் பக்கத்தில் ஒரு வழி இருந்தது. மனசு மாறினால் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் போனில் கூப்பிட்டு, பதிவாகிற குரலில், ரத்து என்று சொல்லிவிடலாம். ஒரு பைசா வேண்டாம்.

"இதை மொதல்ல சொல்லக்கூடாதாண்ணே?"

"இரு. யாரு சொல்லணும்னு போட்டிருக்கான் பாரு. அவளே சொல்லணுமாம். அவனே இல்ல."

வியாழக்கிழமை முழுக்க பாவாடை போனில் இருந்தான். ஒவ்வொரு தடவையும் சங்கீதம் வாசித்துக் காக்கவைத்து, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பிள்ளைகள் எடுத்து, எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். நான்தான் பாவாடை என்றான். சார், எங்க ரெக்கார்டுல மேடம்னு இருக்கு என்றார்கள். அது ஆம்பளை பேரு என்றான். அப்படியா சார், வெரி நைஸ் என்று சொல்லிவிட்டு, மேடம்கிட்ட குடுங்க சார் என்றார்கள். பேர் திருத்தத்துக்கு மெயில் போடுங்கள், பதினைந்து வேலை நாளில் பதில் வரும் என்றாள் ஒருத்தி. திங்கட்கிழமை சாவி கேட்பீர்களே என்றதற்கு, அது வேறு டிபார்ட்மெண்ட் என்றாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், காலியாகக் கிடந்த ஐஸ் ஷெட்டுக்குப் போய், கிரஷருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, "நான் பாவாடை மேடம் பேசறேங்க" என்றான். ஐம்பத்தேழு வயசில், ஆறடி உடம்பில், அவனுக்குத் தெரிந்த பெண் குரல் அதுதான்.

அந்தப் பக்கம் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். பிறகு, "சார், விளையாடாதீங்க. ஃப்ராடுன்னு மார்க் பண்ணிடுவோம். அப்புறம் ரத்து பண்ண வழியே இருக்காது."

அவன் போனை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தான். தகரத்து மேல் மழை பிடித்துக்கொண்டது. தூறல் இல்லை. போன வருஷம் பெய்த அதே மழை, அதே கனத்த குரலில்.

வீட்டுக்கு வந்தபோது மணி நாலே முக்கால். லட்சுமி முன் அறையில் அரிவாள்மணையைத் தவிடு போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நனைந்து நின்றவனைப் பார்த்துத் துண்டை எறிந்தாள். அவன் பிடிக்கவில்லை.

"லட்சுமி, ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

"எவ அவ?"

"அதில்ல. வீட்ட வித்துட்டேன்."

தேய்த்த கை நின்றது. அவன் எல்லாவற்றையும் சொன்னான். விளம்பரம், சிவப்பு வெளிச்சம், ஆறு எண், மதாம், அவளே. மூக்கைப் பிடித்ததையும் சொன்னான். எதற்காக விற்க நினைத்தான் என்பதை மட்டும் சொல்லாமல், நல்ல விலையா இருந்துச்சு என்று முடித்தான்.

அரிவாளின் முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். திட்டியிருந்தால் அவனுக்கு மூச்சு வந்திருக்கும். மார்க்கெட்டில் அவள் வாய்க்குப் பயந்து மீன்காரர்களே எடையில் கை வைக்க மாட்டார்கள். அந்த வாய் மூடிக்கிடந்தது. சுவர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். போன வருஷத்துத் தண்ணீர் விட்டுப்போன கறை இடுப்பு உயரத்தில் கோடாக ஓடியது.

"மணி இன்னா?" என்றாள் கடைசியில்.

"அஞ்சு பத்து."

"போனப் போடு."

"அவங்க மொதல்ல பேரக் கேப்பாங்க."

"சொல்றேன்."

"பேருன்னா, என் பேர."

லட்சுமியின் முகம் அப்போதுதான் மாறியது. கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷம். இன்னும் அவள் புருஷன் பேரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் கார்டை நீட்டுவாள். ஆஸ்பத்திரியில் கேட்டால் பக்கத்திலிருப்பவரைச் சொல்லவைப்பாள். அதிலும் இவன் பேர் வீட்டுக்கு வீடு கொடியில் தொங்குகிற பேர். மகள் அபி பள்ளிக்கூடம் போன காலத்தில் அவளுக்குப் பாவாடை வாங்க லட்சுமி கடையில் போய் 'கீழ்த்துணி' என்று கேட்டுக் கடைக்காரன் ஜட்டியை எடுத்துப் போட்ட கதை உண்டு. சொன்னால் கட்டினவனுக்கு ஆயுசு குறையும். யார் சொன்னது, எப்போது நிரூபித்தார்கள் என்றெல்லாம் அவள் கேட்டதில்லை.

"வேற வழி?"

"இல்ல."

"உன் உசுரு போச்சுன்னா?"

"வீடு போச்சுன்னா நீயே எடுத்துடுவ" என்றான் பாவாடை. வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

போட்டான். சங்கீதம் வாசித்தது. இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது என்றது. ஐந்து இருபத்தெட்டுக்கு ஒரு பெண் வந்தாள். வெளியே தெருவில் தண்ணீர் ஓடத் தொடங்கியிருந்தது.

"வணக்கம், ஜல்தி ஹோம்ஸ், சுமலதா பேசறேன். உங்க பேர் சொல்லுங்க மேடம்."

லட்சுமி வாயைத் திறந்தாள். மூடினாள்.

"மேடம்?"

"அதாம்மா... கட்டிக்கிறோமே."

"புரியல மேடம். புடவையா?"

"அதுக்கு உள்ள."

பாவாடை கையை விரித்துக் காட்டினான், இடுப்பைச் சுற்றிக் காட்டினான், உதட்டை அசைத்துக் காட்டினான். அவள் அவனைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டாள்.

"மேடம், உங்க பேர் உங்களுக்குத் தெரியலைன்னா லைனை கட் பண்ண வேண்டியிருக்கும்."

லட்சுமி தாலியைப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடினாள். சுறா முதுகில் முதல் வெட்டு வைப்பதைப் போல, ஒரே போடாக, "பாவாடை" என்றாள்.

பாவாடை சுவரில் சாய்ந்தான். எத்தனையோ பேர் கூப்பிட்ட பேர்தான். முன்னே வேலை பார்த்த மில்லில், துறைமுகத்தில், சாராயக் கடையில். அவள் குரலில் அது வேறு யாரோ ஒருவனுடையதாக, கொஞ்சம் நல்லவனுடையதாகக் கேட்டது. செத்துப்போகவில்லை என்பதையும் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டான்.

"கணவர் பேர் மேடம்?"

மாமனார் பேரையும் அவள் சொன்னதில்லை. ஆனால் முதல் கிணறு தாண்டிவிட்டவள். "சுப்பராயன்" என்றாள், அவரைக் கட்டிக்கொண்டவள் போலவே.

"ஓகே மேடம். எதுக்கு கூப்பிட்டீங்க?"

"வீடு விக்கல. ரத்து."

"காரணம் சொல்லணும் மேடம், ஃபார்ம்ல கேக்குது. எதுக்காக விக்க நினைச்சீங்க?"

நல்ல விலை என்று சொல், என்று பாவாடை கையால் காட்டினான். லட்சுமி அவனை இப்போது நேராகப் பார்த்தாள்.

"பயந்துட்டேம்மா" என்றாள்.

"சாரி மேடம்?"

"போன வருஷம் தண்ணி வந்துச்சு. விடியக்காலம். காலக் கீழ வச்சேன், முட்டி வரைக்கும் இருந்துச்சு. அன்னியிலருந்து வானம் கறுத்தா எனக்கு வயித்த கலக்குது. சோறு எறங்கல. தூக்கத்துல காலத் தூக்கித் தூக்கி வச்சுக்கிறேன். ஒருத்தர்கிட்டயும் சொல்லல. பொண்டாட்டிகிட்டகூட சொல்லல."

"யார்கிட்ட மேடம்?"

பாவாடை சைகை காட்டிய கையை இறக்கினான்.

"வீட்டுக்காரர்கிட்ட" என்றாள் லட்சுமி, கண்ணை எடுக்காமல். "சொன்னா சிரிப்பாங்கன்னு நெனச்சிட்டேன். ஒரு வருஷமா பக்கத்துலயே படுத்திருக்குதே, அதுக்கு எல்லாம் தெரியும்னு தோணல எனக்கு."

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டுகிற சத்தம். "இப்ப பயம் போயிடுச்சா மேடம்?"

"போவல."

"பின்ன ஏன் மேடம் ரத்து பண்றீங்க?"

"பயமா இருக்குதுன்னு சொன்னேன். விக்கறேன்னு சொல்லலியே."

கீபோர்டு கொஞ்ச நேரம் யோசித்தது. 'பிற காரணங்கள்' என்று போட்டுக்கொள்கிறேன் மேடம் என்றாள் சுமலதா. ஐந்து நாற்பத்தொன்றுக்குச் சேதி வந்தது. இந்தத் தடவை பலூன் இல்லை. 'பாவாடை மேடம், உங்கள் இல்லம் உங்களுக்கே திரும்ப வழங்கப்பட்டது.' கொடுத்த மாதிரி எழுதியிருந்தார்கள். கூடவே எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டிருந்தார்கள்.

லட்சுமி போனை அவனிடம் கொடுக்கவில்லை. ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். "இனிமே இதுல எவன் கூப்ட்டாலும் நான் பேசறேன். அந்தப் பேரு இப்ப என்னுது. உனக்கு வேணும்னா வேற வச்சுக்க."

அவன் தலையாட்டினான். மன்னிப்பு கேட்க வாயெடுத்தவனை அவள் வாசலைக் காட்டி நிறுத்தினாள். தெருத் தண்ணீர் முதல் படியை மூடிவிட்டு இரண்டாவதை நக்கிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு படி.

ஸ்டூலைப் பரணுக்குக் கீழே இழுத்துப் போட்டாள். ஏறு என்றாள். ஏறினான். அரிசி டிரம்மை அவள் கீழேயிருந்து தூக்கிக் கொடுக்க, அவன் வாங்கினான். டிரம் அவன் கையில் கடகடவென்று ஆடியது; உள்ளே அரிசி சலசலத்தது.

"கை ஏன் இப்படி ஆடுது? பயமா இருக்குதா?"

பாரம், ஸ்டூல் நொண்டுது, ஈரக் கை என்று சொல்ல அவனுக்கு மூன்று பதில் இருந்தன.

"ஆமா" என்றான்.

"அப்ப கெட்டியாப் புடி" என்று லட்சுமி ஸ்டூலின் காலை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள்.